சத்தம் நின்ற சனிக்கிழமை

அத்தியாயம் 4

"நான் ஓட்டல."

காலையிலிருந்து யேசுதாஸ் சொன்னது இந்த இரண்டே வார்த்தைதான். ஹென்றி கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், லாக்கப் கம்பிக்கு நடுவே கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியும் பார்த்தான். யேசுதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"சனிக்கெயம சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரிக்கும் எங்கடா இருந்தே? அத்த மட்டும் சொல்லு நைனா. நாளிக்கி உன்ன கோர்ட்டுக்கு இட்டுனு போனா கொலக் கேசு. கயித்துல தொங்கசொல்ல 'நான் ஓட்டல'ன்னா கயிறு தானா அவுந்துக்குமா?"

"ஃப்ளோரன்ஸு வெளிய கீறாளா?" என்று சுவரைப் பார்த்தபடியே மனைவியைப் பற்றிக் கேட்டான் யேசுதாஸ்.

"பின்ன? கொயந்தைய தோள்ல போட்டுனு வேப்பமரத்தாண்ட நின்னுகினு கீறா."

"வூட்டுக்குப் போவச் சொல்லு."

அவ்வளவுதான். ஹென்றிக்கு வாய் அடைத்துப் போனது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ராயபுரம் லைனில் டிராம் ஓட்டிய காலத்திலேயே மணியை விட அதிகமாகச் சத்தம் போட்டவன் என்று பேர் எடுத்தவன் அவன். ஏப்ரலில் பட்டணத்து டிராமையெல்லாம் நிறுத்தியதும் வேலை போனது. "தண்டவாளத்த புடுங்கினானுங்க, நான் எந்தப் பக்கம் போறதுன்னே தெர்ல" என்று சொல்லிக்கொண்டு ஞானபாக்கியத்திடம் வந்து சேர்ந்தான். யேசுதாஸ் அவனுடைய பழைய தோஸ்து. இரண்டு பேரும் ஒரே லாரியில் க்ளீனராக இருந்து ஒரே தட்டில் தின்றவர்கள்.

கம்பிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் ஞானபாக்கியம். இருபது வருஷம் பெண்கள் ஜெயிலில் வார்டராக இருந்தவள். அந்த வேலையை விட்டபிறகு ராயபுரத்தில் இரண்டு அறை பிடித்து, காணாமல் போன நகை, ஓடிப்போன புருஷன் என்று துப்புத் துலக்கிக் கொடுத்து வந்தாள். ஊரார் பொய்யையெல்லாம் பொறுமையாகக் கேட்பாள். தான் மட்டும் ஒரு பொய் சொல்லமாட்டாள். அதற்காகவே அவளைக் கண்டால் ஜனங்களுக்குக் கொஞ்சம் பயம்.

"வா ஹென்றி," என்று எழுந்தாள். "இவன் பொய் சொல்லலை. எதையோ மூடி வச்சிருக்கான். அது வேற."

வழக்கு பார்வைக்கு எளிதுதான். மிளகாய் வத்தல், கருப்பட்டி மொத்த வியாபாரி சுப்புராஜுக்கு எண்ணூர் ரோட்டில் ஒரு கிடங்கு. கிடங்கு வாசலில் காவலுக்குத் தாமஸ் என்ற கிழவர். சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, இருட்டிய பிறகு, சுப்புராஜின் கறுப்பு மாரிஸ் கார் வந்து தாமஸை இரும்புக் கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது. ஓட்டியவன் வண்டியை அங்கேயே விட்டு ஓடிவிட்டான். அந்தக் காருக்கு டிரைவர் யேசுதாஸ். சுப்புராஜோ, தான் காய்ச்சலாக வீட்டில் படுத்திருந்ததாகவும் டிரைவர் கேட்காமல் வண்டியை எடுத்துப் போனதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. தாமஸ் யேசுதாஸின் மாமனார். பத்து நாளைக்கு முன், குழந்தைக்கு எந்தப் பேரில் ஞானஸ்நானம் கொடுப்பது என்ற சண்டையில், "உன்ன ஒரு நாளு வச்சிக்கிறேன் கெய்வா" என்று மாதா கோயில் வாசலில் முப்பது பேர் காதில் விழும்படி கத்தியிருந்தான் மருமகன்.

நேற்று அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, கல்லறை மண் காலில் ஒட்டியபடியே ஃப்ளோரன்ஸ் ஞானபாக்கியத்தின் வாசலில் வந்து நின்றாள். "எங்க நைனாவ இவுருதான் கொன்னாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும்க்கா. கொன்னிருந்தா நானே கயிறு வாங்கித் தரேன். கொல்லலன்னா எனக்கு என் புருசன குடுங்க," என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் ஹென்றிக்குத் தாங்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். மேஜைமேல் காகிதங்களைப் பரப்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா. மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் நேத்தே வந்து பார்த்துட்டார். பிரேக் நல்ல நிலைமையில இருக்குன்னு எழுதியிருக்கார். நல்ல பிரேக்கு, அகலமான ரோடு. வேணும்னு ஏத்தலைன்னா வேற எப்படி? அதுக்கு மேல கண்ணால பார்த்த சாட்சி இருக்கு."

சாட்சி அய்யாத்துரை, கிடங்கு மேஸ்திரி. அவன் வாக்குமூலத்தை ஞானபாக்கியம் இரண்டு தடவை படித்தாள். 'நான் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி காரின் பிரேக் வழக்கம்போல கிரீச் என்று கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். யேசுதாஸ் ஓட்டி வந்து மோதினான்.'

"அந்தக் காரு கத்துறது நெசந்தான்க்கா," என்றான் ஹென்றி. "தண்டையார்பேட்டைல பிரேக்கு போட்டா திருவொத்தியூர்ல நாய் எந்திரிச்சி நிக்கும்."

"பிடிச்சப்போ அவன் பையில என்ன இருந்தது?" என்று கேட்டாள் ஞானபாக்கியம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காகிதக் கவரைக் கவிழ்த்தார். ஒரு ஜெபமாலை, பாதி பீடிக்கட்டு, தீப்பெட்டி, நாலு பித்தளை ஆணி. ஹென்றி ஆணி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மொத்தையாக, விரல் நுனி அளவுதான் இருந்தது. தலை தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"சார், இது ஆணி இல்ல. ரிவிட்டு."

"என்னவோ ஒண்ணு. வை அதை."

வெளியே வந்ததும் ஞானபாக்கியம் வேப்பமர நிழலுக்குப் போகவில்லை. அங்கே ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். யாரோ ஸ்டேஷன் கேட்டைத் தள்ளிய சத்தத்துக்கு அவள் தோளில் கிடந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல," என்று முதுகைத் தட்டினாள். "பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தான், எந்த சின்ன சத்தம் கேட்டாலும் துள்ளி வியும்," என்று பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

ஞானபாக்கியம் சுவரோரமாக ஹென்றியை நிறுத்தினாள். "ரிவிட்டுன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அதிகம் பேசாதே."

"சக்கரத்துக்குள்ள டிரம்முனு ஒண்ணு கீதுக்கா, சோத்துக் குண்டான் கணக்கா. அதுக்குள்ள ரெண்டு பிரேக் ஷூ. ஷூ மேல லைனிங்குன்னு ஒரு பட்ட. பிரேக்க மிதிச்சா அந்தப் பட்டதான் டிரம்ம கவ்வி வண்டிய நிறுத்தும். பட்டைய ஷூவோட சேத்து புடிச்சினு கீறதுதான் ரிவிட்டு. பட்ட தேஞ்சி போச்சின்னா ரிவிட்டோட தல டிரம்முல போயி ஒரசும். அப்பதான் காரு கத்தும்."

"அப்போ அந்தக் கார் கத்தினது இந்த ரிவிட்டால."

"ஆமாக்கா. தல எப்பிடித் தேஞ்சி கீது, பாத்தீங்கல்ல?"

"அது இப்போ எங்கே இருக்கு?"

"உள்ளதான், அந்தக் கவர்ல..." என்று தொடங்கிய ஹென்றி, வாயைத் திறந்தபடியே நின்றான்.

"சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு இவனைப் பிடிக்கும்போதே அது இவன் பையில இருந்திருக்கு. கத்துற சாமான் பையில. கார் மட்டும் ஏழரை மணிக்கு எப்படிக் கத்துச்சு?"

"அக்கா! உள்ள போயி சொல்லலாம் வாங்க!"

"பழைய ரிவிட்டை எவனும் பையில போட்டுக்கலாம்னு சொல்லிடுவார். நில்லு." அவள் திரும்பி உள்ளே போய், நாலு மணிக்கு சுப்புராஜையும் அய்யாத்துரையையும் வரவழைக்கவேண்டும் என்றும், அதுவரை காரை யாரும் தொடக்கூடாது என்றும் சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

எண்ணூர் ரோட்டில் பஸ் இறங்கியபோது மணி பதினொன்று. வலது பக்கம் கடல், இடது பக்கம் உப்பளம், நடுவில் சுப்புராஜின் கிடங்கு. இரும்புக் கேட் உள்வாங்கி வளைந்திருந்தது. கீழே யாரோ நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி மேலே மணலைக் கொட்டியிருந்தார்கள். கேட்டை ஒட்டி ஒரு கல், அதன்மேல் மடித்த சாக்கு, பக்கத்தில் ஒரு தகரக் குவளை. கிழவர் உட்கார்ந்த இடம். குவளையை எடுத்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஹென்றி பழைய டிராம் தொப்பியைக் கழற்றப்போவதுபோல வெறுந்தலையைத் தொட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டான்.

அய்யாத்துரை நாற்பது வயது ஆள். சுப்புராஜின் ஊர்க்காரன், அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். ஞானபாக்கியத்தின் பேச்சில் தன் ஊர் வாடை அடித்ததும் உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"தாமஸுக்குக் கண் சரியில்லைன்னு சொன்னாங்களே?"

"ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துட்டும்மா. லாரி வெளிச்சம் எது, காரு வெளிச்சம் எதுன்னு தெரியாது. ஆனா காது இருக்கே, பாம்புக் காது. முதலாளி காரு அந்தா அந்த வளைவுல பிரேக்குப் போட்டு கிரீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு கேட்டைத் தொறந்திருவாரு. நாங்க ஆரன் அடிக்கதே கிடையாது. அந்தச் சத்தந்தான் எங்களுக்கு ஆரன்."

"எத்தனை நாளா?"

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும். பிரேக்கைப் பாக்கணும்னு யேசுதாஸ் சொல்லத்தான் செஞ்சான். கேட்டு தொறக்க வசதியா இருக்கேன்னு முதலாளி சிரிச்சிட்டு விட்டுட்டாவ."

"சனிக்கிழமையும் அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. திருச்செந்தூர் முருகன் மேல சத்தியமா கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தான எட்டிப் பாத்தேன்."

ஞானபாக்கியம் அந்தக் கல்லைப் பார்த்தாள், பிறகு உள்ளே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். "இவ்வளவு மூட்டைக்கு நடுவுல இருந்த உங்களுக்குக் கேட்டது, வாசல்ல உட்கார்ந்திருந்த பாம்புக் காதுக்கு ஏன் கேக்கலை? கேட்டிருந்தா தாமஸ் எந்திரிச்சுக் கேட்டைத் திறந்திருப்பாரே. கார் உள்ளேதானே போயிருக்கும்?"

அய்யாத்துரை தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அசந்து தூங்கியிருப்பாரு," என்றான். அவன் கண் ஞானபாக்கியத்தைப் பார்க்கவில்லை, அந்தத் தகரக் குவளையைப் பார்த்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஹென்றி கேட்டான்: "இன்னாக்கா, பொய்தானே?"

"எவன் ஓட்டினான்னு சொல்ல யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எப்படிப் பார்த்தான்னு சொல்லிக் கொடுக்க மறந்துட்டாங்க. தினம் கேக்கிற சத்தத்தை அவனா சேர்த்துக்கிட்டான்."

"அடப்பாவி. கண்ணுக்கு முதலாளி, காதுக்கு இவனேவா?"

யேசுதாஸ் கை வைக்கிற காரை வேறு மெக்கானிக் தொட முடியாது. காலாடிப்பேட்டை கமாலுதீன் ஒருவன்தான். பூவரச மரத்தடியில் கீற்றுக் கொட்டகை, இரண்டு செத்த லாரி, ஒரு ஜாக்கி. அதுதான் பட்டறை. கமாலுதீன் அரத்தைக் கையில் பிடித்தபடி, சனிக்கிழமை யேசுதாஸ் அந்தப் பக்கமே வரவில்லை என்று அடித்துச் சொன்னான். லைனிங் என்றால் என்ன என்பதே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவான் போலிருந்தது.

ஹென்றி உச்சுக் கொட்டினான். "அத்த வுடு பாய். ஒனக்கு ஏன் பேஜாரு. எவனோ கத்துக்குட்டி மாத்திகீறான் போல. காரு முன்னிக்கி இப்பதான் ஜாஸ்தியா கத்துதாம்."

"எவன் சொன்னது?" அரம் மரத்தில் போய் விழுந்தது. "எங் கை பட்ட வண்டி கத்துமா? பட்டையோட ரெண்டு ஓரத்தையும் அரத்தால சாய்ச்சி வுட்டுகீறேன். மேல உப்புத்தாளு போட்டுகீறேன். டிரம்முல இருந்த தூளு பூரா ஊதி, துணி போட்டு தொடச்சிகீறேன். ஷூ ஒக்கார்ற எடத்துல மட்டும் ஊசி முனை அளவு கிரீசு. பட்டைல ஒரு பொட்டு படல. அந்த வண்டி கத்துனா நான் இந்தத் தொயிலையே வுட்டுடறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மெல்ல வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

பிறகு விஷயம் முழுக்க வந்தது. லைனிங் கடைகளில் கிடைக்காத காலம். ஹார்பரில் உடைந்த பெட்டியிலிருந்து கைமாறி வந்த ஒரு ஜோடி கமாலுதீனிடம் இருந்தது. போன வருஷம்தான் இந்த மாதிரிச் சாமானுக்காக ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தான். எவரிடமும் சொல்வதில்லை என்று யேசுதாஸ் பைபிள் மேல் அடித்துக் கொடுத்தபிறகுதான் எடுத்தான். சனிக்கிழமை மத்தியானம் முதலாளி தூங்கும் நேரத்தில் வேலை முடிந்தது. ஐந்து மணிக்கு யேசுதாஸ் வண்டியை முதலாளி வீட்டில் விட்டு, ஆறு மணிக்கு நடந்தே திரும்பி வந்தான். லைனிங்குக்கு ஈடாக எட்டரை மணி வரை லாரி கியர்பாக்ஸ் கழற்றக் கைகொடுத்தான்.

"பழைய ரிவிட்ட ஏன் எடுத்துனு போனான்?" என்று ஹென்றி கேட்டான்.

"திங்கக்கெயம மொதலாளிக்குக் காட்டறதுக்கு. 'இதான் சார் கத்துனது'ன்னு சொல்லணுமாம்." கமாலுதீன் தாடியைத் தடவினான். "நான் ஒண்ணு சொல்லி அனுப்ச்சேன். புதுப் பட்ட ஒடனே கவ்வாது. ஒரு அம்பது மைலு மெள்ள ஓட்டி, மெள்ள மிதிச்சாத்தான் டிரம்முல படியும். அது வரிக்கும் வேகமா வந்து பட்டுனு மிதிச்சா பத்தடி வய்க்கிட்டுப் போயிடும். மொதலாளியாண்ட சொல்லிடுன்னேன். 'அவுரு தூங்கறாரு, ஞாயித்துக்கெயம வண்டி வெளிய வராது, திங்கக்கெயம நாந்தானே ஓட்டப் போறேன்'னான்."

"யார் சொல்லி மாத்தினான்? முதலாளி அதைக் காதிலயே போட்டுக்கலைன்னு சொல்றாங்களே," என்றாள் ஞானபாக்கியம்.

"நானும் கேட்டேம்மா. 'சத்தமே வரக்கூடாது பாய்'னு மட்டும் சொன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான்." கமாலுதீன் நிமிர்ந்து பார்த்தான். "நான் போலீசாண்ட வரமாட்டேம்மா. நாலு புள்ளைங்க."

"நீங்க வரவேண்டாம். உங்க வேலை அங்கே நிக்குது. அது பேசும்."

நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் கார் ரோட்டுக்கு வந்தது. முன்விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் வளைந்திருந்தது. சுப்புராஜ் வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, ரோட்டில் போகிறவர்கள் கைகூப்பினால் பதிலுக்குக் கைகூப்பும் மரியாதைக்காரர். பின்னால் அய்யாத்துரை குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

"நேரம் வீணாகுதும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அஞ்சு நிமிஷம். சுப்புராஜ் ஐயா, கார் உங்களுதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் காருதாம்மா. இதுல என்ன சந்தேகம்? உடம்புக்கு முடியாம இருக்கேன், சீக்கிரம் விட்டாப் போதும்."

ஹென்றி ஸ்டியரிங்கைப் பிடித்தான். ரோட்டில் இருநூறு அடி தள்ளிப் போய்த் திரும்பி, வேகம் எடுத்து வந்து, ஸ்டேஷன் வாசலுக்கு நேராகப் பிரேக்கை மிதித்தான்.

ஒரு சத்தமும் இல்லை. டயர் மண்ணை அரைக்கும் சத்தம் மட்டும் வந்தது. கார் வாசலைத் தாண்டி, இன்னும் பத்தடி வழுக்கிப் போய் நின்றது. பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அய்யாத்துரை," என்றாள் ஞானபாக்கியம், "இந்தக் கார் சனிக்கிழமை எப்படிக் கத்துச்சுன்னு சப்-இன்ஸ்பெக்டருக்குச் சொல்லுங்க."

அவன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

சுப்புராஜ் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிலைகுத்தி நின்றது. வேறு யாருக்கோ சொல்வதுபோல, "அன்னைக்கும் இப்படித்தான்," என்றார். "வளைவுல மிதிச்சேன். சத்தமே வரலை. கேட்டும் தொறக்கலை. திரும்பவும் மிதிச்சேன், வண்டி நிக்கலை. கிழவன் எந்திரிப்பான் எந்திரிப்பான்னு பாத்தேன். கடைசி வரைக்கும் அவன் எந்திரிக்கவே இல்லையே!"

சப்-இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"முதலாளி!" என்று அய்யாத்துரை கத்தினான். நேரம் கடந்துவிட்டது. சுப்புராஜ் ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். காய்ச்சல் எதுவும் கிடையாது. ஒரு மாதமாக ரகசியமாகக் கார் ஓட்டப் பழகி வந்தவர், லைசென்ஸ் இல்லை. டிரைவர் இல்லாத சனிக்கிழமை மாலை தனியாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்திருக்கிறார். மோதியதும் இறங்கி, அந்தக் கனத்த உடம்போடு கடற்கரை மணலில் இரண்டு மைல் ஓடியிருக்கிறார்.

ஹென்றிக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் பரிதாபம் வந்தது. ஞானபாக்கியத்துக்கு வரவில்லை. "நீங்க மோதினதை ஆண்டவர் மன்னிப்பார்," என்று அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஆனா வீட்டுக்குப் போய், குளிச்சிட்டு, யோசிச்சு, உங்ககிட்ட சம்பளம் வாங்கற ஒருத்தனைத் தூக்குமரத்துக்கு எழுதிக் கொடுத்தீங்க பாருங்க. அதை என்னால மன்னிக்க முடியாது."

காகிதம் எழுதி முடிய ஒன்றரை மணி ஆனது. பாதியில் கமாலுதீன் வந்து நின்றான். தலையில் தொப்பி, கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருந்தான். யேசுதாஸ் எட்டரை மணி வரை தன் பட்டறையில்தான் இருந்தான் என்று கையெழுத்துப் போட்டான். லைனிங் எங்கிருந்து வந்தது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கேட்க மறந்தாரா, மனசு வரவில்லையா என்பது ஹென்றிக்குத் தெரியாது.

லாக்கப் கதவைத் திறந்தபோது ஹென்றி ஓடிப்போய் யேசுதாஸைக் கட்டிக்கொண்டான். "வாடா நைனா! கமாலுதீனே வந்து சொல்லிட்டான். இனிமே நீ எவனுக்கும் வாக்கு குடுத்துத் தொலையாதே."

யேசுதாஸ் அவன் கையைத் தட்டிவிட்டான். "எல்லாம் சொல்லிட்டியா? பிரேக்கு மாத்துனது, சத்தம் நின்னது, எல்லாம்?"

"சொல்லாம? அதானடா உன்ன காப்பாத்துனது."

"யாரு உன்ன கேட்டது?" யேசுதாஸின் கண் கலங்கிச் சிவந்தது. "பாய்க்காகவாடா நான் வாய மூடினு இருந்தேன்? டெய்லி காலீல கஞ்சி குடிக்கசொல்ல வண்டிய எங்க சந்துல கொண்டாந்து நிறுத்துவேன்ல. அந்த சத்தத்துக்குக் கொயந்த அலறி எந்திரிக்கும். ஃப்ளோரன்ஸு ஒரு மாசமா கால்ல வியாத கொறையா கேட்டாடா. 'அந்த சத்தத்த நிறுத்துய்யா, புள்ள தூங்கட்டும்'னு. அவ சொல்லித்தான் நிறுத்தினேன். அந்த சத்தம் இருந்திருந்தா மாமா எந்திரிச்சிருப்பாரு. இங்க வந்து ஒக்காந்த அன்னிக்கி ராத்திரியே எனக்குப் புரிஞ்சி போச்சி. அவளுக்குப் புரியக் கூடாதுன்னுதாண்டா..."

ஹென்றி லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து எத்தனை கெட்டிக்காரத்தனம் செய்திருந்தான்! ரிவிட்டைக் கண்டுபிடித்தவன், கமாலுதீன் வாயைக் கிளறியவன், ரோட்டில் பிரேக் போட்டுக் காட்டியவன், எல்லாம் அவனே. எதை மூடி வைக்க இவன் தூக்குக்குப் போகத் துணிந்தானோ, அதை நாலு பேர் நடுவில் திறந்து வைத்தவனும் அவனே. ஞானபாக்கியம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேப்பமரத்தடியில் ஃப்ளோரன்ஸ் புருஷனைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. ஒவ்வொரு அடியாக வந்து அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் நடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"சத்தம் வரலன்னுதான நைனா எந்திரிக்கல?" என்றாள். "ஏன் வரல?"

யேசுதாஸ் குனிந்துகொண்டான். ஹென்றி முந்திக்கொண்டு, "அது வந்து தங்கச்சி, மொதலாளிதான் மாத்தச் சொல்லி இவன அனுப்ச்சாரு. அவுரு பண்ண வேலதான் எல்லாம்," என்றான். வாழ்நாளில் எத்தனையோ புளுகியிருக்கிறான், கேட்பவள் நம்பவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு புளுகியதில்லை.

ஃப்ளோரன்ஸ் அவனைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க பொய் சொல்லமாட்டீங்க."

ஞானபாக்கியம் வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜெயிலில் எத்தனை பேருக்கு எத்தனை தீர்ப்பு படித்துச் சொல்லியிருப்பாள், குரல் பிசகியதில்லை. இன்று "ஃப்ளோரன்ஸ்..." என்றதற்கு மேல் வரவில்லை. அந்த மௌனம் போதுமானதாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஃப்ளோரன்ஸ். "நான்தான், இல்ல?"

யேசுதாஸ் அவள் கையைப் பிடித்தான். அவள் இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

எண்ணூரிலிருந்து வந்த பஸ் ஸ்டேஷன் எதிரே பிரேக் போட்டது. கிரீச்சென்ற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. குழந்தை தூக்கிப் போட்டது போலத் திடுக்கிட்டு விழித்து, முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து அலறத் தொடங்கியது. யேசுதாஸ் பதறி அதை வாங்கக் கை நீட்டினான்.

"அயுவட்டும், வுடு," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

பஸ் கிளம்பிப் போகும்வரை அவள் அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் தட்டிக் கொடுக்கவில்லை.